கல் கொத்துதல் என்று எழுதிய பிறகு வந்த அழைப்புகள்

சிங்காநல்லூர், கோவை

அப்பா 30 ஆண்டுகளாகக் கிரைண்டர் பழுது பார்க்கிறார். கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்த்தபோது, மதிப்பாக இருக்கட்டும் என்று ‘வீட்டு உபயோகப் பொருட்கள் சேவை மையம்’ என நான்தான் எழுதினேன். வந்த அழைப்புகள் பெரும்பாலும் ஏசி, வாஷிங் மெஷினுக்கானவை. அப்பா இரண்டையும் தொடுவதில்லை.

பிறகு ஒரு வாரம் கல்லாப் பக்கம் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதை நோட்டில் அப்படியே எழுதினேன். “கல் கொத்த வேண்டும்.” “பெல்ட் அறுந்துவிட்டது.” “மாவு நைசாக வரவில்லை.” சேவை மையம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. தொழில் வகையை மாற்றி, சேவைகள் பட்டியலில் ‘கிரைண்டர் கல் கொத்துதல்’, ‘கிரைண்டர் பெல்ட் மாற்றுதல்’ என்று தனித்தனியாகச் சேர்த்தேன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் நிறைய இருப்பதால் அந்த வடிவிலும் எழுதினேன். எந்தச் சொல்லைத் தேடி நம்மிடம் வந்தார்கள் என்பதைக் கடைக்கான கூகுள் கணக்கே காட்டும். மாதம் ஒருமுறை பாருங்கள். எங்கள் கணக்கில் ‘கல் கொத்துதல்’ முதலிடத்துக்கு வர இரண்டு மாதம் ஆனது. கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் இது. ஆனாலும் எங்கள் பகுதியில் இந்தச் சொல்லை எழுதிவைத்த கடை வேறொன்றும் இல்லை!

வில்லாபுரம், மதுரை

தம்பி, அந்தச் சொற்களைக் கடைப்பெயரில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். விளம்பரம் செய்து தருவதாக வந்த ஒருவர் 4,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, என் தையற்கடைப் பெயரின் வாலில் ‘ஆரி ஒர்க் பிளவுஸ் மதுரை’ என்று ஒட்டிவிட்டார். பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரைத்தான் போட வேண்டும் என்பது கூகுளின் விதி. எனக்கு அது தெரியாது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் பதிவு முடக்கப்பட்டது. பலகையின் படத்தையும் சான்றுகளையும் அனுப்பி மீட்பதற்குள் பண்டிகைத் தையல் முடிந்தே போனது. உதவிக்கு இருந்த இரண்டு பெண்களுக்கும் சொன்ன போனஸை அந்த ஆண்டு கொடுக்க முடியவில்லை. அது இன்னும் மனதை அறுக்கிறது.

சத்திரம், திருச்சி

எங்கள் மெஸ்ஸின் விளக்கத்தில் ஸ்ரீரங்கம், உறையூர், தில்லைநகர், கே.கே.நகர் என்று ஊர் முழுவதையும் அடுக்கிவைத்திருந்தேன். பயனில்லை. பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்த்தே கடைகளை வரிசைப்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. சொல்லால் பொருத்தத்தைக் கூட்டலாம். தூரத்தை என்ன செய்வது? கே.கே.நகரில் பசித்தவர் சத்திரத்துக்கா வருவார்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ‘சத்திரம் பேருந்து நிலையம் அருகில் சைவ மெஸ்’ என்பதை மட்டும் வைத்தேன். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் தேடுவது அதைத்தான்.

இன்னொன்று நான் எதிர்பாராதது. சாப்பிட்டவர்கள் மதிப்புரைகளில் வத்தக்குழம்பைப் பற்றி எழுதினார்கள். இப்போது வத்தக்குழம்பு என்று தேடினால், அவர்கள் எழுதிய வரியே எங்கள் பெயருக்குக் கீழே தெரிகிறது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வைத்துவந்த குழம்பை இப்போது தினமும் வைக்கிறோம்.