விருந்தாளியிடம் எப்படிக் காசு கேட்பது? வன்னியில் வீட்டில் ஆள் தங்கவைத்தவர்கள் எழுதுங்கள்

நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து:

மலைப்பக்கம் போனால் ஹோம்ஸ்டே பலகை இல்லாத ஒழுங்கையே இல்லை. எல்லவில், அப்புத்தளையில், நக்கிள்ஸ் மலைக்குள் கிடக்கிற மீமுரையில்கூட வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி, சாப்பாடும் போட்டு, ஊரையும் நடத்திக் காட்டி அதிலேயே சீவிக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. எங்களுக்கு மலையும் இல்லை, அருவியும் இல்லை, குளிர் என்றால் மார்கழியில் விடியப்புறம் கொஞ்சம். குளம், காடு, வயல், கோயில் இவ்வளவுதான். ஆனாலும் இப்போது ஆட்கள் வருகிறார்கள். 2009இல் சண்டை முடிந்த பிறகு பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியையும் முல்லைத்தீவுக் கரையில் துருப்பிடித்து நின்ற கப்பலையும் பார்க்க வந்தவர்கள், அது வேறு கதை. நான் சொல்வது இரண்டு மூன்று நாள் ஊரில் நின்று பார்க்க வருகிறவர்களை.

ஏ9 வீதியில் ஓடுகிற வாகனம் முறிகண்டியில் நிற்கும், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைபடும், கச்சான் பையோடு ஏறினால் அடுத்த நிற்பு யாழ்ப்பாணம். அதில் கச்சான்காரருக்கு நாலு காசு. வீதியை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற எங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. அதனால்தான் மகள் கலியாணம் முடித்துப் போன பிறகு சும்மா கிடந்த அறைக்கு வெள்ளையடித்து, நுளம்பு வலை கட்டி, தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்தோம். மகன் போனில் ஏதோ பதிந்தும் விட்டான்.

ஆட்கள் வருவதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை அவர்கள் போகிற அன்று காலையில் தொடங்கும். பையைக் கட்டி விறாந்தையில் வைத்துவிட்டு "எவ்வளவு?" என்று கேட்பார்கள். மாமி உடனே உள்ளே போய்விடுவா. மனைவி என்னைப் பார்ப்பாள், நான் முற்றத்து வேம்பைப் பார்ப்பேன். கடைசியில் யாராவது "நீங்கள் தாறதைத் தாங்கோ" என்போம். ஒருமுறை சைக்கிளில் சுற்றிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரச் சோடி நாங்கள் நினைத்ததைவிட இரண்டு மடங்கு வைத்துவிட்டுப் போனது. அதற்கு அடுத்ததாக வந்த பெடியன் மூன்று நாள் தின்று குடித்துவிட்டு வைத்தது அரிசிக்கே காணாது. மாமி அவனுக்காகக் கவலைப்பட்டா: "பாவம், பிள்ளையிட்டக் காசில்லையாக்கும்." அவன் கையில் ஒரு பை பயற்றம் பணியாரமும் திணித்துவிட்டா!

இதில் ஒரு வேடிக்கை. இதே மாமி தயிர் விற்பதில் கறார். எருமைப் பாலைக் காய்ச்சி, கை பொறுக்கிற சூடு வந்ததும் சட்டிகளில் ஊற்றி உறை போட்டு, பேப்பர் போட்டு வாய் கட்டி அடுக்கிவைப்பா. யாராவது "தயிர் கெட்டியோ?" என்று கேட்டுவிட்டால் போதும், கட்டை அவிழ்த்து சட்டியை அப்படியே தலைகீழாகப் பிடித்துக் காட்டுவா, ஒரு துளி விழாது. பிறகு விலை சொல்லுவா, "சட்டிக்கு வேற காசு" என்பதையும் சேர்த்து. ஐந்து ரூபாய் குறைக்கமாட்டா. ஆனால் அதே தயிரைச் சோற்றுக்கு ஊற்றிக் கொடுத்தால் காசைப் பற்றி வாயே திறக்கமாட்டா. இலையில் போட்ட சாப்பாட்டுக்குக் காசு வாங்குவது மாமிக்குச் சரிவராது. எனக்கும் வராது என்பதுதான் உண்மை. மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முள்ளியவளையில் இருந்து:

அண்ணை, குறை நினைக்காதீர்கள், முதலில் ஒன்று கேட்கிறேன். காசு வேண்டாம் என்பது மாமி, வேம்பைப் பார்ப்பது நீங்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் பிழிவது யார்? அக்காவிடம் கேட்டீர்களா? எங்கள் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. வந்தவர்களை வரவேற்றுக் கதைத்து, குளம் காட்டி நல்ல பெயர் எடுத்தது இவர். புகைக்குள் நின்றது நான். அதனால் நான் ஒரு விலை வைத்தேன், ஒரு நேரச் சாப்பாடு ஆளுக்கு 1500 ரூபாய், மீன் என்றால் கூட. முதல் தடவை சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது, பிறகு பழகிவிட்டது.

ஆனால் எங்கள் பக்கம் விலையே சொல்லக்கூடாத விஷயமும் உண்டு. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்திய திங்கட்கிழமை சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அந்த உப்புநீரில்தான் ஏழு நாள் விளக்கு எரியும், பிறகு அடுத்த திங்கள் அம்மன் கோயிலில் பொங்கல். வெளியூர் ஆட்கள் இதைக் கேள்விப்பட்டு வருவது நல்லதுதான், யாரும் தடுக்கவில்லை. அப்படி ஒரு கூட்டத்தைக் கூட்டிவந்த ஒருவர் என்னிடம் "எத்தனை மணிக்கு ஷோ?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். பிறகு அவர் காசு தருகிறோம், விளக்கேற்றுவதை இன்னொருமுறை படத்துக்குச் செய்து காட்டமுடியுமா என்று ஆள் அனுப்பினார். இதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. ட்ரோன் பறக்கவிட வெளிக்கிட்டவரைப் பாற்செம்பு எடுத்துவந்த கிழவி ஒருத்தி ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

கூத்து வேறு. எங்கள் பக்கத்துக் கோவலன் கூத்தை, முல்லைமோடி என்கிற எங்கள் பாணியில் ஆடுவதை, ஒரு குழு பார்க்க விரும்பியது. விடியவிடிய ஆடுகிறதை அரை மணித்தியாலத்துக்குள் சுருக்கச் சொன்னார்கள். நான் நினைத்தேன் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் கோபப்படுவார் என்று. அவர் வெற்றிலையை மென்றுகொண்டு மத்தளகாரருக்கு எவ்வளவு, உடுப்புக்கு எவ்வளவு, சின்னப் பெடியளின் பஸ் காசு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, "கோயில் கூத்து வேற, இது வேற. இதுக்குக் காசு, அதுக்கு நேர்த்தி" என்றார். ஆட்டமும் நன்றாக இருந்தது, பெடியளுக்கும் கையில் காசு. இந்தத் தெளிவு எங்கள் வீட்டு ஆம்பிளையளுக்கு எப்போது வரும்?

விசுவமடுவில் இருந்து:

எங்கள் தாத்தா பாட்டி மலையில் இருந்து வந்தவர்கள். 77 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய சனத்தில் நாங்களும் ஒரு குடும்பம். அத்தை ஒருவர் மட்டும் அங்கேயே நின்றுவிட்டார், அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். போன வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனோம். லிப்டன் 1890இல் கட்டிய தம்பதென்னத் தொழிற்சாலை, அதற்கு மேலே லிப்டன் சீட் என்கிற மலை உச்சி என்று விடியற்காலையிலேயே முச்சக்கர வண்டிகள் வரிசையாக ஏறுகின்றன. கொழுந்து பறிக்கிற பெண்களைப் படம் எடுக்க ஆட்கள் நிற்கிறார்கள், அந்தப் பெண்களும் காசு கேட்கிறார்கள். "இப்பிடிப் பழகிட்டாங்க" என்று கூட வந்த ஒருவர் முகம் சுளித்தார். எனக்கு அதில் பிழை தெரியவில்லை. வெயிலிலும் மழையிலும் கூடை சுமந்து நிற்கிறவளை நிறுத்தி, சிரி என்று சொல்லி, படத்தோடு போய்விடுவது மட்டும் பெரிய மரியாதையா?

அத்தையின் மகன் வெளிநாட்டுக்காரரைத் தோட்டத்துக்குள் நடக்கக் கூட்டிக்கொண்டு போகிறான். அவர்கள் இருக்கிற லயம், அதாவது வரிசை வீடு, தோட்டத்துக்குச் சொந்தம், அதனால் யாரையும் தங்கவைக்க முடியாது. வாசலில் ரொட்டியும் கட்டச் சம்பலும் தேத்தண்ணியும் மட்டும். ஒரு பலகையில் கையால் விலை எழுதித் தொங்கவிட்டிருக்கிறான். அத்தையிடம் "உங்களுக்குக் கூச்சமா இல்லையா?" என்று கேட்டேன். "எனக்கு என்னடா கூச்சம்? விலை சொல்லாட்டி அவுங்களுக்குத்தான் கஷ்டம். குடிச்ச தேத்தண்ணி தொண்டையில எறங்காது" என்றார். நான் இதை மாமிக்கு வாசித்துக் காட்டச் சொல்லித்தான் எழுதுகிறேன் அண்ணை.

ஆனால் மலையில் நடக்கிறது எல்லாம் நல்லதென்று நினைக்கவேண்டாம். எல்லப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலத்தடியில் இருக்கிற கூட்டத்தைப் பார்த்தால் ஊர்ச்சனம் எங்கே, வந்த சனம் எங்கே என்றே தெரியாது. நல்ல இடத்தில் காணி வாங்கி ஹோட்டல் கட்டியவன் வெளியூர்க்காரன், அதில் கோப்பை கழுவுகிறவன்தான் உள்ளூர்க்காரன். எங்கள் குளக்கட்டுகளுக்கும் அந்த நாள் வராது என்று சொல்ல முடியாது.

ஒட்டுசுட்டானில் இருந்து:

பலகையில் விலை எழுதினால் வீடு கடையாகிவிடும், எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது. கற்சிலைமடுவுக்கு வருகிற ஆட்களை எங்கள் பெரியப்பா ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போவேன். வன்னி ராசா பண்டாரவன்னியன் 1803 ஆகஸ்ட் 25இல் வெள்ளைக்காரனின் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்து பீரங்கிகளைக் கொண்டுபோனதில் தொடங்கி, அதே வருடம் ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் டிரிபேர்க்கிடம் தோற்றது வரை கையைக் காலை ஆட்டிச் சொல்லுவார். வெள்ளைக்காரன் தன் வெற்றிக்கு நட்ட கல்தான் பிறகு எங்களுக்கு எங்கள் ராசாவின் அடையாளமாக நின்றது. மற்ற ஆட்கள் ஐந்து நிமிசம் படமெடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள், பெரியப்பாவிடம் மாட்டினவர்கள் இரண்டு மணித்தியாலம். அவரிடம் காசை நீட்டினால் கோபம் வரும். அதனால் முதலே சொல்லிவைப்பேன்: ஒழுங்கை முகப்புக் கடையில் வெற்றிலை பாக்கு வாங்குங்கள், வெற்றிலைக்குள் காசை வைத்து இரண்டு கையாலும் கொடுங்கள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கமாட்டார், குறைந்தபட்சம் நாங்கள் நிற்கும்வரை.

காட்டுக்குக் கூட்டிப் போவதற்கு மட்டும் நான் நேரே கூலி சொல்லுவேன், அது வேலை. நுழைகிற இடத்தில் பிள்ளையாருக்கு ஒரு கொப்பு முறித்து வைத்துவிட்டுத்தான் போவோம், வருகிறவர்களும் ஆசையாகச் செய்வார்கள். பாலைப்பழக் காலமென்றால் வாய் ஒட்ட ஒட்டத் தின்னலாம், கரடிக்கும் அதே ஆசை என்பதால் சத்தம் போட்டுக்கொண்டு நடக்கவேண்டும். மிதிவெடிப் பலகை நிற்கிற பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை, பாதையை விட்டு இறங்குவதும் இல்லை. இன்னொன்று, மரை இறைச்சி கிடைக்குமா, மான் வத்தல் கிடைக்குமா என்று காதுக்குள் கேட்கிற ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் எங்கள் ஆட்கள்தான். கிடைக்காது. பிடிபட்டால் சமைத்துக் கொடுத்தவனுக்கும் வழக்கு. விரால் குழம்பு வைத்துத் தருகிறேன், அதைத் தின்றுவிட்டுப் போங்கள்.

நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து, மறுபடி:

எல்லாவற்றையும் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அப்புத்தளை அத்தை சொன்னதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "அப்ப அறைக்கு வாங்குங்கோ, சோத்துக்கு வாங்காதேங்கோ" என்பதுதான் தீர்ப்பு. மனைவி அதற்கு ஒத்துக்கொண்டாள், ஆனால் சோற்றின் விலையையும் அறையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறாள். அது மாமிக்குத் தெரியாது. விலையை மகன் போனிலேயே முதலில் சொல்லிவிடுவான், அதனால் போகிற அன்று யாரும் வேம்பைப் பார்க்கத் தேவையில்லை. முள்ளியவளைத் தங்கச்சி ஏசியதும் சரிதான், இனிமேல் அந்தக் காசு மனைவி கைக்குத்தான் போகும்.

டொராண்டோவில் இருந்து:

இதைக் கேட்கலாமா தெரியவில்லை. எனக்கு ஊர் கனகராயன்குளம், 90களில் வெளிக்கிட்டோம், அங்கே இப்போது எங்களுக்கு வீடில்லை. ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்து ஒரு கிழமை கிராமத்தில் நிற்க விருப்பம். சொந்தக்காரர் வீட்டில் நின்றால் காசு வாங்கமாட்டார்கள், செலவு அவர்களுக்கு, எங்களுக்கும் ஒரு மாதிரி இருக்கும். உங்களைப்போல் ஒரு வீட்டில் காசு கொடுத்து நின்றால் சொந்தக்காரர் கோபிப்பார்களா?

முள்ளியவளையில் இருந்து:

கோபிப்பார்கள்தான். அதனால் இரண்டு நாள் அவர்களோடு நின்றுவிட்டு மிச்ச நாளுக்கு இங்கே வாருங்கள், போகும்போது அவர்களின் பிள்ளைகளின் கையில் ஏதாவது வைத்துவிடுங்கள், அதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் ஆகஸ்ட் நல்ல காலமில்லை தங்கச்சி. கச்சான் காற்று அனலாக அடிக்கும், குளங்கள் வற்றிப்போய்க் கிடக்கும், பிள்ளைகள் போனைவிட்டு வெளியே வரமாட்டார்கள். முடிந்தால் தை மாசிக்கு வாருங்கள். குளம் நிரம்பியிருக்கும், வயலில் கதிர் நிற்கும், அறுவடையையும் பார்க்கலாம். ஆகஸ்டைத் தவிர வழியில்லை என்றால் மடு மாதா கோயில் திருவிழா 15ஆம் திகதி, அதைப் பார்த்து நாளைப் போடுங்கள், அந்தக் கிழமையில் வாகனம் பிடிப்பது கஷ்டம். எத்தனை பேர், மீன் சாப்பிடுவீர்களா, பிள்ளைகளுக்கு உறைப்பு எவ்வளவு என்று இரண்டு நாள் முந்தியே சொல்லிவிடுங்கள். விரால் நினைத்த நேரம் கிடைக்கிற மீன் இல்லை.