அடுக்குமாடி புளோக் கீழே நெல் வளர்த்தேன், சொல்லிக் கொடுத்தவர் புல் வெட்ட வந்த தம்பி

கீரைத் தோட்டம், ஈசூன்:

2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது நினைவிருக்கும். அன்று சாயங்காலமே நானும் பேரங்காடிக்குப் போய் 5 கிலோ பை இரண்டு தூக்கி வந்தேன். எங்கள் வீட்டில் பொங்குவது பொன்னிப் புழுங்கல். புழுங்கலுக்குத் தடையே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இங்கே சிங்கப்பூரில் அரிசி இறக்குமதி செய்பவர்கள் மாதம் கொண்டுவரும் அளவைப் போல இரண்டு மடங்கை இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகஸ்ட் கடைசியில் சிங்கப்பூருக்கென்று தனியாக 50,000 டன்னுக்கு இந்தியா அனுமதியும் கொடுத்தது. அதனால் யாருக்கும் சோற்றுக்குக் குறை வரவில்லை. ஆனால் ஐம்பது வருடம் சோறு தின்றவள், நெல் எப்படி விளைகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லையே என்பது மனதில் தங்கிவிட்டது.

செப்டம்பரில் பூசைச் சாமான் கடையில் ஒரு பொட்டலம் நெல் வாங்கினேன். ஈரச் சந்தையில் மீன் வரும் வெள்ளைப் பெட்டி மூன்றைக் கேட்டு வாங்கி, மண் நிரப்பி, நெல்லைத் தூவி, சமூகத் தோட்டத்து ஓரத்தில் வைத்தேன். பொங்கலுக்குப் புது நெல் வர வேண்டும் என்று ஆசை. முளைத்து ஒரு சாண் வந்ததும் நாலு விரல் தண்ணீர் நிறுத்தினேன். தோட்டக் குழுவில் ஒருவர் பார்த்துவிட்டு, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டை போட்டால் அபராதம் வரும், கொட்டிவிடுங்கள் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். மனதில்லாமல் பெட்டியைச் சாய்க்கப் போனேன். அப்போதுதான் புல் வெட்டிக்கொண்டிருந்த தம்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"கொட்டாதீங்க அக்கா. தண்ணிய மட்டும் வடிச்சு விடுங்க. நெல்லு தண்ணியத் தாங்கும், அதுக்காக எப்பவும் நின்னுட்டே இருக்கணும்னு இல்ல. வயல்ல தண்ணி கட்டுறது பாதி களைய அடக்கத்தான். காய்ச்சலும் பாய்ச்சலுமா விட்டா போதும்."

காய்ச்சலும் பாய்ச்சலும். மண் காய்ந்து லேசாக வெடிப்பு விடும் வரை பொறுத்து, பிறகு தண்ணீர் விடுவது. ஒரு கொசுப் புழு வராமல் என் நெல் பிழைத்தது அந்த ஒரு சொல்லால்தான்.

இரண்டு வருடமாக எங்கள் புளோக்கைச் சுற்றி வேலை செய்கிறவர். "சாப்டீங்களா தம்பி" என்று கேட்டதைத் தாண்டி நான் பேசியதில்லை. ஊர் மன்னார்குடிப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். ஜூன் 12இல் மேட்டூர் அணையைத் திறந்தாலும் அவர்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகுமாம். நல்ல வருடமானால் குறுகிய காலத்துக் குறுவை நெல்லும் உண்டு, இல்லாவிட்டால் நீண்ட காலத்துச் சம்பா மட்டும். வரப்போரம் நின்ற தென்னைதான் கைச்செலவுக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே ராத்திரியில் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டது. புதுக் கன்று காய்க்க ஐந்தாறு வருடமாவது ஆகும், வட்டி அதுவரை காத்திருக்குமா? நிலத்தை அடகு வைத்து ஒரு முகவருக்குப் பணம் கட்டி இங்கே வந்தார். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவே இல்லை. கேட்ட எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

விதைத்த இருபத்தைந்தாம் நாள், மதிய இடைவேளையில் வந்து நாற்றைப் பிடுங்கி நட்டுக் காட்டினார். ஆழமாகப் புதைத்தால் தூர் கட்டாதாம், அதாவது அடியிலிருந்து பக்கக் கிளை விடாதாம். வேரைக் கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவே பிடித்து, சேற்றில் ஒரு கணு அளவு அழுத்தி, விரலைப் பக்கவாட்டில் உருவி எடுக்கிறார். நாற்று நிமிர்ந்து நிற்கிறது. நான் செய்தால் விரலோடு நாற்றும் மேலே வந்துவிடும். பத்துத் தடவை செய்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. ஒரு குத்துக்கு இரண்டு நாற்று, அதற்கு மேல் வேண்டாம் என்றார்.

டிசம்பரில் கதிர் வந்தது. நெல் பூப்பதை நான் அதுவரை கண்டதில்லை. காலை ஒன்பது, பத்து மணிக்கு உமி லேசாகத் திறந்து, வெளிர் மஞ்சளில் நூல் மாதிரி வெளியே தொங்குகிறது. கொஞ்ச நேரம்தான், மறுபடி மூடிக்கொள்கிறது. அந்த வாரம் தினமும் காலையில் மழை. "பூக்குற நேரம் மழை அடிச்சா பதராப் போயிடும் அக்கா" என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே ஆனது, பாதி பதர், உள்ளே மணியில்லாத வெறும் உமி. மீதியில் ஒரு மணியை எடுத்து நகத்தால் நசுக்கிக் காட்டினார். வெள்ளையாகப் பால் வந்தது. நாக்கில் வைத்தேன், இனித்தது. நாம் தின்னும் அரிசி ஒருகாலத்தில் பாலாக இருந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

பால் பிடித்த மறுநாளே சில்லைக் குருவிகள் வந்துவிட்டன. கொசுவலையை வெட்டிப் போர்த்தினோம்.

இப்படி யாரிடமாவது நீங்கள் கற்றுக்கொண்டது இருந்தால் எழுதுங்கள். நம்மைச் சுற்றி வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்ததை நாம் கேட்பதே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

துவாஸ் தளத்திலிருந்து:

எங்கள் வேலைத்தளத்தில் பங்களாதேஷ் தம்பி ஒருவர், சுனாம்கஞ்ச்காரர். தமிழ் ஊழியர்களோடு இருந்து இருந்து நன்றாகத் தமிழ் பேசுவார். விடிவதற்கு முன் வரும் பொட்டலச் சோறு மதியத்துக்குள் வாடை அடித்துவிடும், பலர் அப்படியே கொட்டுவார்கள். இவர் மட்டும் முந்தின ராத்திரி தங்குவிடுதியில் தானே வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து எடுத்து வருவார். பத்து மணி ஓய்வில் உப்பு, பச்சை மிளகாய், வெங்காயம், மேலே கொஞ்சம் கடுகெண்ணெய். "பாந்தா பாத், அண்ணே" என்றார். எண்ணெயை விட்டுப் பார்த்தால் அச்சு அசல் நம் பழைய சோறு! அன்றிலிருந்து நானும் டப்பா கொண்டு போகிறேன்.

அவர் ஊர் ஹாவோர் எனப்படும் பெரிய தாழ்நிலம். வருடத்தில் ஆறேழு மாதம் வயல் ஏரியாகக் கிடக்கும், படகில்தான் போக்குவரத்து. தண்ணீர் வடிந்ததும் போரோ நெல் நடுவார்கள், சித்திரை வாக்கில் அறுவடை. ஒரே போகம். 2017இல் அறுவடைக்கு முன்பே மேகாலயா மலையிலிருந்து வெள்ளம் இறங்கி, பச்சைக் கதிரோடு எல்லாம் முழுகிவிட்டது. கழுத்தளவு தண்ணீரில் நின்று அறுத்ததாகக் கையை வைத்துக் காட்டினார். அன்று வேலைக்கு மணி அடித்தும் நாங்கள் நாலு பேர் எழுந்திருக்கவில்லை.

பொத்தோங் பாசிர் பேத்தி:

நெல் இல்லை, கிழங்கு. எங்கள் பாட்டிக்கு ஜப்பான்காரன் காலத்தில் பதினொரு வயது. 1942இலிருந்து மூன்றரை வருடம் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. அதற்கப்புறம் அதைத் தொடவே மாட்டார், வீட்டில் வேக வைத்தாலும் எழுந்து போய்விடுவார்.

பக்கத்து வீட்டுப் பணிப்பெண் ஜாவாவின் குனுங் கிடுல் பகுதி. சுண்ணாம்புக்கல் மலை, தண்ணீர் நிற்காது, நெல் குறைவு. கிழங்கைத் தோல் சீவிக் காய வைத்து, இடித்து மாவாக்கி, ஆவியில் வேக வைத்தால் திவுல். சின்ன வயதில் அதைத் தின்றுதான் வளர்ந்தாராம். ஒருநாள் தேங்காய்ப்பூ போட்டுக் கொண்டு வந்து கொடுத்தார். பாட்டி தட்டைத் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். தள்ளவில்லை, தின்னவும் இல்லை. கசப்புக் கிழங்கை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், எத்தனை நாள் வெயிலில் போடுவீர்கள் என்று மலாயில் கேட்க ஆரம்பித்தார். மூடியைத் திறந்து வைத்துத்தான் வேக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் விஷம் போகாது என்று தன் அம்மா அடித்துச் சொன்னதைப் பாட்டி சொன்னார். பாட்டி அந்தக் காலத்தைப் பற்றி அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. எங்களிடம் சொல்லாததை அவரிடம் சொன்னார்.

கீரைத் தோட்டம், ஈசூன்:

எவ்வளவு தேறியது என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: பதர் தூற்றியது போக ஒரு டம்ளர் நெல். பொங்கல் பானையில் போட மொத்தத்தையும் குத்தப் போனேன். தம்பி, "இருங்க அக்கா" என்று கையை நீட்டி, நல்ல கதிராகப் பார்த்து முதலில் ஒரு பிடி தனியாக எடுத்தார். விதைக்கு. அதைக் காகிதத்தில் மடித்து, அரிசி டின் மேல் வைத்திருக்கிறேன்.