ரீசேட்டில வினைல் டிசைன்: எந்த சைசுக்கு எவ்வளவு அகலம், கொலரில இருந்து எவ்வளவு கீழ?

வல்லைவெளி (கேள்வி)

வணக்கம். கழகம் ஒண்டுக்கு ரீசேட் ஓடர் வந்திருக்கு. முன்னுக்குக் கழகத்தின்ர பெயர் தமிழில, பின்னுக்கு ஆளின்ர பெயரும் இலக்கமும். நிர்வாகத்துக்கு மட்டும் போலோ, இடப்பக்கம் சின்னம். எட்டு வயசுப் பிள்ளையளில இருந்து டபிள் எக்ஸ்எல் வரை கலந்து வருகுது. 38 x 38 செ.மீ. ஹீற் பிறெஸ் (சூட்டால அமத்துற மெசின்), சாதாரண பி.யூ. வினைல் (சூட்டில துணியோட ஒட்டுற மெல்லிய பிளாஸ்ரிக் சீற்).

எல்லாத்துக்கும் ஒரே அளவில வெட்டலாமோ? மேசையில வைச்சு அளந்து நட்டநடுவில ஒட்டினாலும், உடுத்தினாப் பிறகு டிசைன் வயித்தில நிக்குது. சிலது ஒரு பக்கம் சரிஞ்சும் தெரியுது. எதைப் பிடிச்சு அளக்கிறது?

கொக்குவில் கட்டர் (பதில்)

வயித்தில நிக்கிறதுக்குக் காரணம், கொலருக்கும் கீழ்மடிப்புக்கும் இடையில நடு எடுக்கிறதுதான். கீழ்மடிப்பை மறந்திடுங்கோ, அது கொம்பனிக்குக் கொம்பனி மாறும். கொலரையும் அக்குளையும் மட்டும் பிடியுங்கோ.

உயரம்: கொலர் றிப்பின்ர கீழ்த் தையலில இருந்து டிசைனின்ர மேல் விளிம்புக்கு, பெரியாக்களுக்கு 3 இஞ்சி, பிள்ளையளுக்கு 2. வீ கழுத்தெண்டால் வீயின்ர நுனியில இருந்து 1 தொடக்கம் 1.5 இஞ்சி காணும். பங்குனியில வடக்கின் பெருஞ்சமர் கிரிக்கெட் மட்சுக்குப் பழைய மாணவர் ரீசேட் அடிக்கிற ஆக்கள் 3ஐ 2.5 ஆக்கலாம். இல்லாட்டி, தொப்பை வைச்சவைக்கு டிசைனின்ர கீழ்ப்பாதி வயித்து வளைவில போய் மடங்கும்.

அகலம்: சேட்டை விரிச்சு அக்குளுக்கு அக்குள் அளந்து அதில பாதி. 16 இஞ்சிப் பிள்ளைச் சேட்டுக்கு 8, 20 இஞ்சி எம்முக்கு 10, 22 இஞ்சி எல்லுக்கு 11. 12க்கு மேல போகாதேங்கோ, சேட் எவ்வளவு பெரிசெண்டாலும் ஓரம் விலாப்பக்கம் திரும்பிடும். ஒவ்வொரு சைசுக்கும் தனித்தனி வெட்டத் தேவையில்லை. பிள்ளையளுக்கு 8, எஸ்-எம்முக்கு 10, எல்லுக்கும் அதுக்கு மேலயும் 11.5 எண்டு மூண்டு கூட்டம் போதும். வட்டச் சின்னம், கட்டி டிசைன் எண்டால் இதில இஞ்சி, ஒண்டரை இஞ்சி குறையுங்கோ. ஒரே அகலமெண்டாலும் வரி எழுத்தை விட வட்டம் பெரிசாத் தெரியும்.

சரியிறது நடுக்கோட்டுப் பிழை. பக்கத் தையலை நம்பி மடிக்காதேங்கோ. மலிஞ்ச சேட் பலதில பக்கத் தையலே இல்லை, இருந்தாலும் துணி முறுகிக் கிடக்கும். கழுத்து லேபிளும் நடுவில நிக்குமெண்டு இல்லை. தோள் தையலும் தோள் தையலும், அக்குளும் அக்குளும் பொருந்த நெடுக மடிச்சு, பிறெஸ்ஸில 3 செக்கன் அமத்துங்கோ. அந்த மடிப்புத்தான் உங்கட கோடு. வெட்டின வினைலையும் கரியர் சீற்றோட (வினைலைத் தாங்கி நிக்கிற பிளாஸ்ரிக் தாள்) நடுவால மெல்லமா மடிச்சுக் கோட்டில கோடு வையுங்கோ. பிறகு இரண்டு அக்குளிலயும் இருந்து டிசைனின்ர அந்தந்தப் பக்க மேல் மூலைக்கு அளவுநாடா பிடிச்சுப் பாருங்கோ. அரை இஞ்சி வித்தியாசமெண்டாலும் உடுத்தேக்க கண்ணில குத்தும்.

சூடும் சீற்றும் (பதில்)

போலோவுக்கு: சின்னம் 3 தொடக்கம் 3.5 இஞ்சி அகலம். பட்டன் பட்டியின்ர நடுவில இருந்து 4 இஞ்சி பக்கமா, கொலரும் தோள் தையலும் சந்திக்கிற இடத்தில இருந்து 7.5 இஞ்சி கீழ சின்னத்தின்ர நடு வரட்டும். பெண்கள் வெட்டெண்டால் ஒரு இஞ்சி மேல தூக்குங்கோ. இடப்பக்கம் எண்டது உடுக்கிறவரின்ர இடப்பக்கம், மேசையில பார்க்கிற உங்களுக்கு அது வலம். அவசரத்தில மாறுற இடம் இதுதான்.

பட்டனையும் கொலரையும் தட்டுக்கு வெளிய தொங்கவிடுங்கோ. உள்ளுக்கை ஒரு பட்டன் கிடந்தால் மேல்தட்டு அதிலயே முட்டி நிண்டிடும். சுத்திவர அமத்தம் விழாமல் ஓரம் ஒட்டாது.

பின்பக்கம்: பெயர் எழுத்து 2 இஞ்சி உயரம், கொலரில இருந்து 3.5 இஞ்சி கீழ. ஒண்டரை இஞ்சி விட்டு இலக்கம், பெரியாக்களுக்கு 8, பிள்ளையளுக்கு 6. பெயர் நீளமெண்டு உயரத்தைக் குறைச்சால் அணியாய் நிக்கேக்க அந்தச் சேட் மட்டும் தனியத் தெரியும். உயரத்தை விட்டிட்டு அகலத்தை நெருக்குங்கோ, அதுவும் 11 இஞ்சிக்குள்ள.

பண்ணைக்காத்து (பதில்)

தமிழ் எழுத்தெண்டபடியால் இதையும் பாருங்கோ. «விளையாட்டுக் கழகம்» எண்டு வெட்டினால், வினைல் முதல் உரியிறது «ட்», «க்», «ம்» மூண்டின்ர குற்றுத்தான் (மேல வைக்கிற புள்ளி). ஒட்டுறதுக்கு அதில பரப்பே இல்லை. எழுத்தைச் சுத்தியிருக்கிற மிச்ச வினைலை ஊசியால கிள்ளேக்கயும் அதோட சேர்ந்து வந்திடும். குற்று 3 மி.மீ.க்குக் குறையாமல், கோடு 2 மி.மீ.க்குக் குறையாமல் வர எழுத்துருவைத் தடிப்பாக்குங்கோ. சில எழுத்துருவில விசிறி («வி», «வீ»யில மேல வாற வளைவு) எழுத்துக்கு மேல ஏறி நிக்கும், வெல்ட் பண்ணாமல் (இரண்டையும் ஒரே வடிவாச் சேர்க்காமல்) அனுப்பினால் பிளேட் அந்த இடத்தைக் குறுக்கால அறுக்கும். வெல்ட் பண்ணி, மிரர் போட்டு (இடம் வலமாத் திருப்பி), பிறகு வெட்டுங்கோ.

இன்னொண்டு. மென்பொருள் நடு எடுக்கிறது முழுப் பெட்டிக்கும். மேல ஒரு விசிறியும் குற்றும், கீழ ஒரு «ழு» வாலும் இருந்தால் அந்த நடு கண்ணுக்கு நடுவா இராது. எழுத்தின்ர உடம்பை மட்டும் அளந்து வையுங்கோ.

வல்லைவெளி

நல்லது. சேட் பொலிஸ்டர் எண்டால் சூடு? ஒட்டினாப் பிறகு சரிவு தெரிஞ்சால் எடுக்கலாமோ?

சூடும் சீற்றும்

கொட்டனுக்கு 150 பாகை, 10-15 செக்கன். பொலிஸ்டருக்கு 130 பாகையில ஒட்டுற குறைஞ்ச சூட்டு வினைலை வாங்குங்கோ. 150இல அமத்தினால் சிவப்புச் சாயம் வெள்ளை வினைலுக்குள்ள ஏறி றோசாவாகும், தட்டின்ர சதுரமும் துணியில மினுங்கும்.

முழுசா ஒட்டினதை உரிச்சால் பசைக்கறை நிக்கும், அந்தச் சேட் போச்சு. அதால முதலில வெறுஞ்சேட்டை 5 செக்கன் அமத்தி ஈரத்தை எடுங்கோ, மாரியில கட்டாயம். பிறகு வினைலை வைச்சு 2 செக்கன் மட்டும். திறந்து, கொலரில இருந்தும் அக்குளில இருந்தும் திருப்பி அளவுங்கோ. சரிவெண்டால் சூடு ஆற முன்னம் மெல்லமாத் தூக்கலாம். சரியெண்டால் ரெஃப்லோன் சீற் போட்டு மிச்ச நேரத்தை அடியுங்கோ. ஒரு நாள் போகாமல் தோய்க்க வேண்டாமெண்டு கழகத்துக்கும் சொல்லி விடுங்கோ.