‘முன்னாள் நடிகை’ என்று போட்டது யார்?

மாம்பலம் வீடு (வாட்ஸ்அப் குழு)
ஞாயிறு

சித்தப்பா, 7:42
[வீடியோ] 90 வயதிலும் ஆடும் முன்னாள் நடிகை!! பார்த்து மகிழுங்கள், பகிருங்கள்!!

அத்தை, 7:50
டேய், இது வைஜயந்திமாலா. 2024 ஜனவரியில் அயோத்தி ராமர் கோயில் ராக சேவை நிகழ்ச்சியில் ஆடியது. போன தீபாவளிக்கும் இதையேதான் அனுப்பினாய்.

சித்தப்பா, 7:51
நல்ல விஷயத்தை எத்தனை தடவை அனுப்பினால் என்ன அக்கா?

அத்தை, 7:51
அனுப்பிக்கொள். ‘முன்னாள் நடிகை’ என்று போட்டிருக்கிறாயே, அதுதான் எனக்கு ஆகவில்லை.

கார்த்தி, 7:53
அம்மா சலங்கை கட்டிவிட்டாள். மாமா, ஓடிவிடுங்கள்.

சித்தப்பா, 7:54
நடிகையாக இருந்தவர், இப்போது நடிப்பதில்லை. முன்னாள் நடிகைதானே? தமிழில் வேறு என்ன சொல்வது?

அத்தை, 8:02
காபி போட்டுவிட்டு வந்தேன், இப்போது கேள். பிறந்தது திருவல்லிக்கேணியில். 1940இல் சின்னப் பெண்ணாக வாடிகனில் போப்பாண்டவர் முன்னால் ஆடியிருக்கிறார். வழுவூர் ராமையா பிள்ளையிடம் நாட்டியம் கற்றுக்கொண்டார். கோகலே ஹாலில் இவர் ஆடியதைப் பார்த்துத்தான் இயக்குநர் எம்.வி.ராமன் ஏவி.எம். படத்துக்குக் கேட்டார். வளர்த்த பாட்டி யதுகிரி தேவிக்கு அவ்வளவாக மனசில்லை. அப்புறம்தான் சம்மதித்தார். 1949இல் அந்தப் படம் ‘வாழ்க்கை’ வந்தபோது பள்ளிக்கூடத்துப் பெண். கல்யாணம் 1968இல். அதன்பின் ஓரிரண்டு வருடத்தில் சினிமாவை விட்டாயிற்று. ஆக சினிமா 20 வருடம். நாட்டியம் அதற்கு முன்னாலும் இருந்தது, பின்னாலும் இருக்கிறது. நடுவில் கொஞ்ச காலம் நடித்த நாட்டியக்காரி என்று போடு.

சித்தப்பா, 8:03
அவ்வளவு நீளமாகப் போட்டால் யார் படிப்பார்கள்?

கார்த்தி, 8:06
அம்மா, 20 வருடத்தை ‘கொஞ்ச காலம்’ என்றால் பம்பாய்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். முதல் இந்திப் படத்துக்கே சொந்தக் குரலில் பேச வேண்டும் என்று இந்தி பிரசார சபாவில் இந்தி படித்தவர். ‘நாகின்’ 1954இல் வந்தது. அதில் கேட்கும் மகுடி, மகுடியே இல்லை தெரியுமா? கல்யாண்ஜி கிளாவயலின் என்ற கருவியில் வாசித்தது. இன்றைக்கும் கல்யாண ஊர்வலத்தில் பாம்பாட்டம் போடுகிறவர்கள் அதற்குத்தான் ஆடுகிறார்கள்.

கார்த்தி, 8:09
எனக்கு அதைவிடப் பிடித்தது ‘தேவதாஸ்’ சமாச்சாரம். 1955இல் பிமல் ராய் எடுத்தது. சந்திரமுகியாக நடித்ததற்கு ஃபிலிம்பேர் ‘சிறந்த துணை நடிகை’ விருது கொடுத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பார்வதியாக நடித்த சுசித்ரா சென்னுக்குச் சமமான பாத்திரம், இதில் துணை எங்கே வந்தது என்பது அவர் வாதம். அப்புறம் அதே ஃபிலிம்பேர் ‘சாதனா’, ‘கங்கா ஜமுனா’, ‘சங்கம்’ என்று மூன்று படத்துக்குச் சிறந்த நடிகை விருது கொடுத்தது.

அத்தை, 8:10
பார்த்தாயா? துணை என்று போட்டதற்கே வாங்க மாட்டேன் என்றவரை உன் மாமா முன்னாள் என்கிறான்.

சித்தப்பா, 8:11
அக்கா, நான் தட்டச்சு செய்யவில்லை. எங்கள் வாக்கிங் குழுவில் வந்தது. அப்படியே தள்ளிவிட்டேன்.

அம்மு, 8:20
அத்தை, ஒன்று கேட்கட்டுமா. போன வாரம் கிளாசில் எல்லார் முன்னாலும் “சினிமா மாதிரி கழுத்தை வெட்டாதே” என்று திட்டு விழுந்தது. அதிலிருந்து போகவே பிடிக்கவில்லை. சினிமாவில் ஆடினால் அவ்வளவு கேவலமா?

அத்தை, 8:27
கேவலம் ஒன்றும் இல்லைடி. இவரே இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தவர். சினிமாவில் காமிரா எங்கே இருக்கிறதோ அங்கே ஆட வேண்டும். முகத்துக்கு வந்துவிட்டால் கால் தெரியாது. மேடையில் கால் எப்போதும் தெரியும். பரதநாட்டியக் கச்சேரியை வகுத்த நான்கு சகோதரர்களான தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த கிட்டப்பா பிள்ளையோடு உட்கார்ந்து, ஆடாமல் கிடந்த பழைய நாட்டிய உருப்படிகளைத் தேடி மேடைக்குக் கொண்டுவந்தார். 1982இல் சங்கீத நாடக அகாடமி விருது வாங்கியது நாட்டியத்துக்கு.

அத்தை, 8:29
உன் விஷயம் வேறு. கழுத்தைச் சொன்னாலும் பிரச்சினை முழங்காலில் இருக்கும். அரைமண்டி, அதாவது முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்த நிலை, மேலே ஏறிவிட்டால் உடம்பு நிமிரும், ஆட்டமெல்லாம் கழுத்துக்குப் போய்விடும். எனக்கும் அப்படித்தான். எங்கள் வாத்தியார் ஒன்றும் பேச மாட்டார், தட்டுக்கழியைப் பலகையில் வேகமாக இரண்டு தட்டு தட்டுவார். இன்றைக்கும் குக்கர் மூடியில் கரண்டி பட்டால் என் முழங்கால் தானாக மடிகிறது.

கார்த்தி, 8:30
சாட்சி நான்.

சித்தப்பா, 8:33
அம்மு, நாட்டியம் சினிமா இரண்டும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமானால் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ போட்டி நடனம் பார். பத்மினியும் இவரும். 1958, ஜெமினி, எஸ்.எஸ்.வாசன். பாடியது பி.லீலாவும் ஜிக்கியும்.

கார்த்தி, 8:34
“சபாஷ்! சரியான போட்டி!”

சித்தப்பா, 8:34
பி.எஸ்.வீரப்பா! அந்தக் குரலில் சொல்ல வேண்டும்டா.

அம்மு, 9:05
பார்த்துவிட்டேன். அப்புறம் பாதி வேகத்தில் வைத்து இன்னொரு தடவை பார்த்தேன். சுற்றி வந்து நிற்கிற இடத்தில் இரண்டு பேருக்கும் தோள் ஆடவே இல்லை. நான் சுற்றினால் ஜன்னல்வரை போய்விடுவேன். யார் ஜெயித்தார்கள்?

சித்தப்பா, 9:06
பத்மினி. சந்தேகமே வேண்டாம்.

அத்தை, 9:06
வைஜயந்தி. கண்ணைக் கழுவிக்கொண்டு பார்.

கார்த்தி, 9:07
படத்தில் முடிவே சொல்ல மாட்டார்கள். 60 வருடத்துக்கு மேலாக எல்லா வீட்டிலும் இந்தச் சண்டை நடக்கிறது. அதுதான் வாசன்.

அம்மு, 9:08
பாட்டி பக்கத்தில்தான் இருக்கிறாள். கேட்கிறேன்.

அம்மு, 9:31
பாட்டி சொல்லச் சொல்ல அடிக்கிறேன். இடையில் பேசாதீர்கள்.

“எனக்கு அப்போது 15 வயது. கும்பகோணத்தில் பார்த்தோம். அக்கா, நான், எதிர்வீட்டு மாமி. வைஜயந்தியுடைய அம்மா வசுந்தரா தேவியை ‘மங்கம்மா சபதம்’ படத்தில் பார்த்தவள் மாமி. ‘தாயைப் பார்த்தேன், மகளையும் பார்த்துவிட வேண்டும்’ என்று எங்களை இழுத்துக்கொண்டு போனாள். அப்புறம் ‘இரும்புத்திரை’யில் அந்த அம்மாவும் பெண்ணும் சேர்ந்தே நடித்தார்கள். போட்டி நடனம் வந்ததும் கொட்டகை இரண்டாகப் பிரிந்துவிட்டது. தரை டிக்கெட்காரர்கள் இவள் ஆடினால் ஒரு விசில், அவள் ஆடினால் ஒரு விசில். வீரப்பா பேசியது எனக்குக் காதிலேயே விழவில்லை.”

அம்மு, 9:32
யார் ஜெயித்தது என்று கேட்டேன். “இரு, சொல்கிறேன்” என்கிறாள்.

சித்தப்பா, 9:33
அதற்குள் நான் ஒன்று கேட்கிறேன். 84 தேர்தலில் தென்சென்னையில் வைஜயந்திமாலாவும் இரா.செழியனும் நின்றார்களே. அம்மா யாருக்குப் போட்டாள்? அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

அம்மு, 9:34
“அப்பாவிடமே சொல்லவில்லை, இவனிடம் சொல்வேனா” என்கிறாள்.

கார்த்தி, 9:34
ஜெயித்தது வைஜயந்திமாலா. 89இலும் ஜெயித்தார். மீதியை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள் மாமா.

அம்மு, 9:48
பாட்டி தொடர்கிறாள்.

“எங்கள் வீட்டில் நாட்டியம் கற்றுக்கொள்ள விட மாட்டார்கள். பாட்டு சரி, ஆட்டம் கூடாது. மறுநாள் மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது கிணற்றடியில் நானும் அக்காவும் அந்தப் போட்டியை ஆடினோம். அவள் பத்மினி, நான் வைஜயந்தி. இடுப்பில் பித்தளைக் குடத்தை வைத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றினேன், பாசி வழுக்கிவிட்டது. குடம் துவைகல்லில் விழுந்த சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது. அக்கா கையைத் தூக்கி ‘நான் ஜெயித்தேன்’ என்றாள். எனக்குத் தெரிந்து அந்தப் போட்டியில் தோற்றது நான் ஒருத்திதான்.”

சித்தப்பா, 9:49
அம்மா!!!

அத்தை, 9:50
ஒரு நிமிஷம். எந்தக் குடம்? பரணில் இருக்கிறதே, வாய்ப்பக்கம் நசுங்கினது, அதுவா?

அம்மு, 9:52
[புகைப்படம்] நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். இதுதான். கட்டைவிரல் வைத்தால் சரியாக உட்காருகிற மாதிரி ஒரு பள்ளம்.

அத்தை, 9:53
அம்மா, அதை நான் மாடிப்படியில் போட்டு நசுக்கினேன் என்று 40 வருடமாக என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாயே! என் கல்யாணச் சீர் வைத்தபோது கூடச் சொன்னாயே!

கார்த்தி, 9:53
சபாஷ்! சரியான போட்டி!

அம்மு, 9:55
பாட்டிக்குத் தூக்கம் வருகிறதாம். காலை 9:55க்கு.

சித்தப்பா, 10:02
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா, 10:04
[வீடியோ] பரதநாட்டியக் கலைஞர், பத்ம விபூஷண் வைஜெயந்தி மாலா அவர்கள் 90 வயதில்!! (நடுவில் 20 வருடம் நடித்தார்) பகிருங்கள்!!

அத்தை, 10:06
இப்போதுதான் படிக்கும்படி இருக்கிறது. அதே 2024 பட்டியலில் பத்மா சுப்ரமணியத்துக்கும் பத்ம விபூஷண். ஒரே வருடம் இரண்டு பரதநாட்டியக் கலைஞர்கள். பெயரில் ‘வைஜயந்தி’, ஜெ இல்லை.

அம்மு, 10:11
அத்தை, சாயங்காலம் கிளாசுக்கு முன்னால் வீடியோ காலில் வருகிறீர்களா? முழங்காலை மட்டும் பாருங்கள். கழுத்தைப் பார்க்காதீர்கள்.

அத்தை, 10:12
4 மணிக்கு வா. அந்தக் குடத்தையும் எடுத்து வை, புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறேன்.