பழைய செஸ்னா 172-ல் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்: எதையெல்லாம் கவனிக்கணும்?

கேள்வி: அமெரிக்காவில் 1974 செஸ்னா 172எம், லைகமிங் ஓ-320 எஞ்சின். பிரைவேட் லைசென்ஸ் இருக்கு. சொந்த விமானத்திலேயே இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காம கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கிற தகுதி) பயிற்சி எடுத்தா, 100 மணி பறப்புக்கு ஒருமுறை செய்யற ஆய்வு கட்டாயமா? எஞ்சின் ஆயில், ஸ்பார்க் பிளக் நானே மாத்தலாமா?

பதில் 1: 100 மணி ஆய்வு கட்டாயமில்ல. விமானம் உங்களுது; ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தாலும் வருடாந்திர ஆய்வு போதும். ஆனா சீட் நகர்ற தண்டவாளமான சீட் ரெயிலோட சோதனை (ஏடி 2011-10-09, அதாவது அரசோட கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு) 100 மணி அல்லது 12 மாசம், எது முதல்ல வருதோ அதுக்குள்ள செய்தே ஆகணும். ரெயில் ஓட்டை தேஞ்சு நீள்வட்டமா ஆயிட்டா சீட்டைப் பூட்டுற பின் (ஊசி) பிடிக்காது. டேக்-ஆஃப்ல சீட் பின்னாடி வழுக்கும், யோக்கை (விமானத்தைத் திருப்புற கைப்பிடி) பிடிச்ச கையும் கூடவே இழுக்கும், மூக்கு எகிறிடும். தயவுசெய்து தள்ளிப்போடாதீங்க.

பதில் 2: ரெண்டும் நீங்களே மாத்தலாம். ஆயிலை, ஃபில்டர் இருந்தா 50 மணிக்கு ஒருமுறை, வெறும் ஸ்கிரீன்னா (கம்பி வலை) 25 மணிக்கு ஒருமுறை மாத்தணும், எப்படியும் 4 மாசம் தாண்டக் கூடாது. ஃபில்டரை வெட்டி, மடிப்பை விரிச்சு, இரும்புத் துகள் இருக்கான்னு காந்தம் வெச்சுப் பாருங்க. வால்வுகளை இயக்குற கேம்ஷாஃப்ட் எஞ்சினுக்குள்ள மேல இருக்கு. ஓட்டாம நிறுத்தினா எண்ணெய் வடிஞ்சு துருப்பிடிக்கும். பெட்ரோல்ல இருக்கிற ஈயம் கீழ்ப் பிளக்லதான் சேரும், அதனால மேல்-கீழ் மாத்திப் போட்டு 35 அடி-பவுண்டு முறுக்குங்க. வேலை விவரம், தேதி, கையெழுத்து, லைசென்ஸ் எண், வகை லாக்புக்ல ஏறணும்.

பதில் 3: ஐஎஃப்ஆர்ல (கருவிகளை நம்பிப் பறக்கிற விதிமுறை) பறக்க பிட்டோ-ஸ்டாட்டிக் (காத்தழுத்தத்தை அளக்கிற குழாய் அமைப்பு), ஆல்டிமீட்டர் (உயரமானி), டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குப் பதில் அனுப்புற கருவி) சோதனை 24 மாசத்துக்கு ஒருமுறை. விஓஆர் (தரை ரேடியோ நிலையத்தை வெச்சு வழி காட்டுற கருவி) பயன்படுத்தினா அதுக்கு 30 நாளுக்கு ஒருமுறை சோதனை.