மூன்று சுழி அடைபட்ட கதை: தூரிகை எழுத்தில் நாங்கள் பட்டதும் பழகியதும்

கல்லடியிலிருந்து

மட்டக்களப்பின் கல்லடியில் இருக்கும் நான், தூரிகைபோல வளையும் நுனி கொண்ட தூரிகைப் பேனையால் எழுதப் பழகத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் கை மிக மோசமாகத் தோற்ற நாளிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதினால் எனக்குப் பயன்படும்.

உறவுக்காரப் பெண்ணொருத்தியின் திருமணத்துக்கு, மண்டப வாசலில் வைக்கும் வரவேற்புப் பலகையை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். கறுப்புப் பூசிய பலகையில் வெள்ளை அக்ரிலிக் வர்ணத்தால் ‘மணமக்களை வாழ்த்த வருக’ என்று எழுதினேன். கீழே இழுக்கும்போது அழுத்த வேண்டும், மேலே ஏற்றும்போது கையை இலேசாக்க வேண்டும் என்பதுதான் காணொளிகள் எல்லாம் சொல்லித்தரும் முதற்பாடம். அதை அப்படியே கடைப்பிடித்ததால் ‘ண’வின் ஒவ்வொரு சுழியிலும் இறங்கும் பக்கம் தடித்து, உள்ளே இருந்த வெளி அடைபட்டு, பக்கத்துச் சுழிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. மூன்று சுழி ‘ண’ இரண்டு சுழி ‘ன’வாகிவிட்டது. வாசலில் நின்ற பெரியம்மா ஒருவர், “மனமக்கள் எண்டு ஏன் கா எழுதியிருக்கு?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். அன்று சாப்பாட்டுப் பந்தியில் நான் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தேன்.

அந்த முதற்பாடம் பிழையானது அல்ல. அது ஆங்கிலக் கூட்டெழுத்துக்காகப் பிறந்தது. அங்கே பெரும்பாலான கோடுகள் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கின்றன. நம் எழுத்திலோ ‘ட’, ‘ப’ ஆகியவற்றின் அடிக்கோடும் ‘க’வின் குறுக்குக்கோடும் படுக்கையாக ஓடுகின்றன, ‘இ’, ‘ஞ’, ‘ண’, ‘ன’ போன்றவை சுழியால் ஆனவை. எங்கே அழுத்துவது என்பதை எழுத்துக்கு எழுத்து நாமே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இதை எனக்கு விளக்கியவர் ஆரையம்பதியில் இருக்கும் முதியவர் ஒருவர். நாற்பது வருடங்களுக்கு மேல் கடைப் பெயர்ப்பலகை எழுதியவர். பிளெக்ஸ் பதாகை வந்த பிறகு தொழிலை விட்டுவிட்டார். என் பலகையின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “சுழிக்குள்ள ஒரு கோடு போகிற அளவுக்கு இடம் இருக்கணும் மனே, இல்லாட்டி அது சுழியில்ல, பொட்டு,” என்றார். எழுத்தின் தடிப்பு எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு அகலமாவது சுழியின் உள்வெளி இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். தூரிகையின் நுனி மட்டும் பட சுழியைச் சுற்றி முடித்து, வலப்பக்கத்து நீண்ட கோட்டில் இறங்கும்போதுதான் முழுத் தடிப்பையும் கொடுக்கச் சொன்னார்.

பிறகு எனாமல் டின் ஒன்றைத் திறந்து எழுதிக் காட்டினார். நுனியில் துணி சுற்றிய ஒரு தடியை இடக்கையால் பலகையில் ஊன்றி, வலக்கை மணிக்கட்டை அதன்மேல் வைத்துக்கொண்டார். ஈரமான எழுத்தில் கை படாமலிருக்கவும் நடுக்கம் தெரியாமலிருக்கவும் அதுதான் வழி. தட்டைத் தூரிகையை வர்ணத்தில் தோய்த்து நேரே பலகைக்குக் கொண்டுபோகவில்லை. ஒரு கடதாசி மட்டைத் துண்டில் இரு பக்கமும் மாறி மாறித் தடவி, மயிர்கள் உளிபோல ஒன்றுசேர்ந்த பிறகே எழுதினார். வர்ணத்தின் பதத்தைக் கேட்டபோது, “தயிர்போல இருந்தா இழுபடும், மோர்போல இருந்தா வழியும்,” என்றார். மட்டக்களப்பில் வளர்ந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அவர் எழுதிக்காட்டிய சொல் ‘பாடசாலை’. அதில் ‘லை’யைப் பழைய தும்பிக்கை வடிவத்தில், தூரிகையை எடுக்காமல் தலைக்கு மேலே வளைத்து ஒரே இழுப்பில் முடித்தார். 1978ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணை, லை, ளை, னை ஆகியவற்றின் அந்த வடிவம் கைவிடப்பட்டு, மற்ற எழுத்துகளைப் போல முன்னால் ஐகாரக் குறியைத் தனியாகப் போடும் வடிவம் வந்தது. படிப்பதற்குப் புதியது எளிது என்பதை ஏற்கிறேன். தூரிகை பிடிப்பவருக்குப் பழையது தரும் மகிழ்ச்சியைப் புதியது தருவதில்லை.

காத்தான்குடியிலிருந்து

கல்லடி அக்கா குறிப்பிட்ட தட்டைத் தூரிகையைப் பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் மத்ரசாவில் படித்த காலத்திலிருந்து அரபு எழுத்தணி பழகி வருகிறேன். எங்கள் கலம் என்பது நாணலைச் சீவி, நுனியைச் சரிவாக வெட்டிய பேனை. அதில் அழுத்தத்துக்கு வேலையே இல்லை. நுனியின் கோணத்தை மாற்றாமல் பிடித்தால், கோடு போகும் திசையைப் பொறுத்துத் தடிப்பும் மெலிவும் தாமாகவே வரும். தட்டைத் தூரிகையும் உளிமுனை மார்க்கரும் இதே இனத்தைச் சேர்ந்தவை. கூர்முனைத் தூரிகைப் பேனை வேறு இனம். அது அழுத்தத்தால் விரிவது. இரண்டுக்குமுள்ள வேறுபாட்டை அறியாமல் ஒன்றின் பாடத்தை மற்றொன்றில் போட்டுப் பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் சலித்துப்போகிறார்கள்.

இன்னொன்று அளவு. பக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லா (இறப்பு 940) எழுத்தின் அளவுகளை ஒழுங்குபடுத்தியவராகப் போற்றப்படுகிறார். பேனை நுனியை ஒருமுறை பதித்தால் விழும் சாய்சதுரப் புள்ளிதான் அளவுகோல். அரபின் முதல் எழுத்தான அலிஃபின் உயரத்தையே புள்ளிகளை அடுக்கித்தான் கணிப்போம். அதே முறையை நான் தமிழுக்குப் பயன்படுத்திப் பார்த்தேன். நான்கு புள்ளி உயரத்தில் ‘ண’ அடைபட்டது. ஆறு புள்ளிக்கு உயர்த்தியதும் மூன்று சுழியும் தெளிவாகத் திறந்தன. தூரிகையைச் சிறிதாக்க வேண்டியதில்லை, எழுத்தைப் பெரிதாக்கினாலும் போதும்.

கல்முனையிலிருந்து

பாடசாலையில் சித்திரம் கற்பிக்கிறேன். சுருக்கமாகவே எழுதுகிறேன். பிள்ளைகள் புதிதாக வாங்கிவரும் தூரிகைப் பேனையின் நுனி ஒரு வாரத்தில் பஞ்சாகிப்போவதற்குக் காரணம் பேனை அல்ல, கடதாசி. போட்டோப் பிரதி எடுக்கும் ஏ4 தாளும் பிறிஸ்டல் போர்டின் சொரசொரப்பான பக்கமும் நுனியை அராவிவிடுகின்றன. டிரேசிங் தாளைக் கோடிட்ட தாளின்மேல் வைத்துப் பழகச் சொல்கிறேன். கோடும் தெரியும், நுனியும் தப்பும். டொம்போ நிறுவனத்தின் டுவல் பிரஷ் பேனையில் உள்ளது போன்ற பெரிய, மென்மையான நுனி தொடக்கக்காரரின் கைக்கு அடங்காது. அதே நிறுவனத்தின் ஃபுடெனோசுகே பேனையின் கடின நுனி போன்ற சிறியதில் தொடங்குவதே நல்லது. நிரந்தர மார்க்கரைக் கடதாசியில் தவிருங்கள்; அது மறுபக்கத்துக்கு ஊறி, மேசையிலும் எழுதிவிடும். என் மேசை சாட்சி.

வாழைச்சேனையிலிருந்து

நான் எழுதுவது வள்ளங்களில். கண்ணாடி இழை வள்ளத்தின் மேற்பரப்பு வழுவழுப்பானது. உப்பை நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, சாண்ட் பேப்பரால் தேய்த்து, தின்னரால் துடைக்காமல் எழுதினால் இரண்டு மாதத்தில் எழுத்து உரிந்துவிடும். ஒருமுறை அவசரத்தில் இதைச் செய்யாமல் விட்டு, ஒருவருடைய மகளின் பெயரில் பாதி கடலோடு போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு எழுதவும் கூப்பிடவில்லை.

இங்கே எழுதியவர்கள் காற்றைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது தூரிகையை டின்னிலிருந்து வள்ளத்துக்குக் கொண்டுபோவதற்குள் வர்ணம் இறுகத் தொடங்கிவிடும். சுழியின் பாதியில் தூரிகை இழுபட்டு, கோடு வரிவரியாகப் பிளக்கும். போதாதற்கு மணல் வந்து ஈர எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த மாதங்களில் காற்று எழும்புவதற்கு முன், விடியற்காலையில் எழுதி முடித்துவிடுகிறேன். மாரியில் எதிர்மாறு: ஈரத்தில் எனாமல் காயாமல் கிடந்து பளபளப்பை இழக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளியைக் கடைசியில் வைப்பதும் என் வழக்கம். முதலிலேயே வைத்தால், மேல்வரியில் இறங்கும் ‘ழு’வின் வாலோடு அது மோதிவிடுகிறது.

மீண்டும் கல்லடியிலிருந்து

காத்தான்குடி நானாவின் புள்ளிக் கணக்கை நேற்றிரவு செய்துபார்த்தேன். ஒரு சென்ரிமீற்றர் அகலத் தட்டைத் தூரிகையால் ஆறு சென்ரிமீற்றர் உயரத்தில் ‘மணமக்களை’ என்று எழுதினேன். ஆரையம்பதி ஐயா சொன்னபடி சுழிகளில் தூரிகையின் ஓரத்தை மட்டும் பட விட்டேன். மூன்று சுழியும் தனித்தனியே நிற்கின்றன. ‘ளை’யைத் தும்பிக்கையோடு எழுத முயன்றதில் வளைவு ‘க்’கின் புள்ளியில் முட்டிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை பலகையை எடுத்துக்கொண்டு ஆரையம்பதிக்குப் போக இருக்கிறேன்.