கழுசேறு: ஒரு சொல்லுக்கான வழக்கு

அன்புடையீர்,

தோண்டிய தாதுவைக் கழுவிச் சலித்த பின் எஞ்சும் நுண்துகள் நீரை (ஆங்கிலத்தில் tailings) நாம் ‘சுரங்கக் கழிவு’ என்றே எழுதி வருகிறோம். அதற்கு வேறொரு தமிழ்ச்சொல்லை முன்மொழியவே இக்கடிதம். பொதுச்செய்திக்கு அது போதும். ஏரியின் விலங்கு மிதவையுயிரிகளை, அதாவது நீரில் மிதந்து வாழும் நுண்ணிய விலங்குகளைப் பற்றிய கட்டுரைக்குப் போதாது. கழிவு என்றதும் படிப்பவர் மனத்தில் நஞ்சுதான் வந்து நிற்கிறது.

பிரேசிலின் பாரா மாநிலத்தில், திரொம்பேத்தாஸ் ஆற்றின் வெள்ளச் சமவெளியிலுள்ள பட்டாட்டா ஏரியை எடுத்துக்கொள்வோம். 1979 முதல் 1989 வரை அலுமினியத் தாதுவான பாக்சைட்டைக் கழுவிய நீர் அதில் விடப்பட்டதால், ஏரிப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காட்டின் அடித்தளம் களிமண் துகளால் மூடிப்போயிற்று. மிதவையுயிரிகளுக்கு அங்கே நேர்ந்த கேட்டில் நஞ்சைவிடத் துகளுக்கே பங்கு மிகுதி. நீர்த்தெள்ளு (Daphnia) என்னும் மிதவையுயிரி தன் கால்களிலுள்ள மயிரிழைகளால் நீரை வடிகட்டி உண்பது; பாசியா களிமண்ணா என்று பிரித்தறியும் திறன் அதற்கு மிகக் குறைவு. கண்ணாடி போன்ற உடலுக்குள் பச்சையாகத் தெரிய வேண்டிய குடல் களிமண்ணால் அடைபட, வயிறு நிறைந்தும் அது பட்டினி கிடக்கிறது. துகளைத் தேர்ந்து பற்றும் துடுப்புக்காலிகள் (copepods) என்னும் மிதவையுயிரிகளுக்கு இத்தொல்லை குறைவு. கலங்கல் ஒளியை மறைப்பதால் பாசியும் குறைகிறது என்பது வேறு.

இந்தத் துகள் நீரை ‘மண்டி’ எனலாம் என்று வந்த பரிந்துரை எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் மண்டி அடியில் தங்கிவிடுவது. இத்துகளோ, வெள்ளம் ஏறி ஏரி ஆழமாகும் பருவத்தில் நீர்த்துப்போய், நீர் வடிந்த பருவத்தில் காற்று அடித்தளத்தைக் கலக்கும்போது மீண்டும் மேலெழுகிறது. ‘வண்டல்’ அறவே ஆகாது. அது வளத்தைச் சொல்லும் சொல். ‘செஞ்சேறு’ என்பதை, பாக்சைட்டிலிருந்து எரிசோடாவால் அலுமினா பிரித்தபின் எஞ்சும் காரச் சேற்றுக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. இரண்டும் பாக்சைட்டிலிருந்து வருவதாலேயே குழப்பம் நேர்கிறது.

ஆகவே, அரிசி களைந்த நீரைக் கழுநீர் என்பதைப் போல, இதனைக் ‘கழுசேறு’ எனலாம் என்பது என் முன்மொழிவு. ‘கழு’ கழுமரத்தை நினைவூட்டும் என்று ஒருவர் தயங்கினார். கழுநீர் என்று கேட்டு எவரும் கழுமரத்தை நினைப்பதில்லை. உண்மையான குறை வேறொன்று: அரைத்து, வேதிப்பொருளிட்டு, நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் செம்புத் தாதுவின் மிச்சத்துக்கு இச்சொல் பொருந்தாது. அதற்குத் ‘தாதுச்சக்கை’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம். அங்கே உலோக நஞ்சும் பேசுபொருள் என்பதால் பிரித்து வைப்பதே சரி.

சொற்றொடரில் வைத்துப் பார்த்தேன்: ‘கழுசேற்றுக் கலங்கல் மிகும்போது நீர்த்தெள்ளின் உணவேற்பு குறைகிறது.’ எனக்கு நெருடவில்லை. உங்களுக்கு நெருடினால், எந்த இடத்தில் என்று சுட்டுங்கள்.